போகியில் போட்ட மாத்திரை

என் கணவர் பாலகணேஷுக்குத் தெரியாத விஷயமே உலகத்தில் கிடையாது. தி. நகரில் நைட்டி மொத்த வியாபாரம் செய்கிறார். அதனால் நரம்பு, மூளை, மனம் எல்லாவற்றிலும் அவருக்கு அதிகாரம் உண்டு. நான் பதினோரு வருடமாக அடையாறில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறவள். எனக்கு என்ன தெரியும், பாவம்.

இரண்டு வருடமாகப் பதற்றத்துக்கு மாத்திரை சாப்பிட்டுவந்தேன். டாக்டர் ஜஹனாரா எழுதிக் கொடுத்தது, ராத்திரிக்கு ஒன்று. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அது இவர் கண்ணை உறுத்தியது. இந்தப் போகியன்று வாசலில் பழைய பாய் எரிந்துகொண்டிருக்கும்போது, அட்டை அட்டையாக என் மாத்திரைகளைக் கொண்டுவந்து கையில் திணித்தார்.

"போடு மது. எல்லாம் மனசுலதான் கெடக்கு. இன்னையோட விட்டுத் தொலைச்சிருவோம்."

சொன்னதோடு நிற்காமல் செல்போனைத் தூக்கிப் பிடித்தார். நானும் நெருப்பில் போட்டேன். படமெடுக்கிறார் என்றதும் சிரித்துக்கொண்டே வேறு போட்டேன், வெட்கங்கெட்டவள். வீடியோ குடும்பக் குரூப்புக்குப் போனது. நாற்பத்து மூன்று பேர் கைதட்டினார்கள். அதில் ஒருத்தர்கூட டாக்டர் கிடையாது.

காணும் பொங்கலன்று ஆரம்பித்தது. தூக்கம் போயிற்று. தோலுக்கடியில் எறும்பு ஊர்ந்தது. குக்கர் விசிலடித்தால் நெஞ்சு படபடத்தது. ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பங்குனியே பிறந்துவிட்டது, இன்னும் விட்டபாடில்லை. எல்லாவற்றையும்விட மோசம், கை நடுங்கியது. ரத்தம் எடுக்கிறவளுக்குக் கை நடுங்கினால் அப்புறம் அவள் எதற்கு?

இவர் வைத்தியத்துக்குக் குறைச்சலில்லை. வெந்நீரில் எலுமிச்சம்பழம், மொட்டைமாடியில் நடை, யாரோ ஒருவர் மூச்சு விட்டுக் காட்டுகிற வீடியோ. டாக்டரிடம் போகிறேன் என்றால், "அந்தம்மா மறுபடியும் எழுதிக் குடுத்துரும். குரூப்புல எல்லாரும் என்ன நெனைப்பாங்க?" என்பார். குரூப்பாம்! என் கை போனால் போகட்டும், குரூப்பில் மானம் போகக் கூடாது. நானும் அதற்குப் பயந்து சும்மா இருந்தேன் பாருங்கள், என்னைச் சொல்லணும்.

போன வாரம் மயிலாப்பூரில் கோமளம் மாமி வீட்டுக்குப் போனேன். நான்கு வருடமாக அவருக்கு நான்தான் ரத்தம் எடுக்கிறேன். முதல் குத்து தவறியது. இரண்டாவதும் தவறியது. மூன்றாவதில் எடுத்துவிட்டேன், ஆனால் மாமியின் கை கன்றிப்போனது.

"என்னடிம்மா ஆச்சு நோக்கு? நீ குத்தினா குத்தினதே தெரியாதே!"

தெருவுக்கு வந்து ஸ்கூட்டியில் உட்கார்ந்து அழுதேன். மாமி யாரிடமும் சொல்லவில்லை. மகன் லேபுக்கு போன் போட்டுவிட்டான். மானேஜர் கதிரேசன் கூப்பிட்டார். "இன்னொரு கம்ப்ளைன்ட் வந்தா நீங்க ஊசியைத் தொட வேணாம் மேடம். பில் கவுன்ட்டர்ல உக்காந்துடுங்க."

வீட்டில் வந்து சொன்னேன்.

"மனசைத் திடமா வச்சுக்கிட்டா கை ஏன் ஆடப்போகுது?" என்றார் நைட்டி நிபுணர்.

இன்று காலை அவருக்கே ரத்தம் எடுக்கவேண்டி வந்தது. இன்சூரன்ஸுக்குச் சர்க்கரையும் கொழுப்பும் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து என்னைத் தவிர வேறு யாரையும் அவர் குத்த விட்டதில்லை. வெறும் வயிற்றோடு சாப்பாட்டு மேஜையில் கையை நீட்டினார். ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டினேன். நரம்பு நன்றாகப் புடைத்தது. ஊசியின் மூடியைக் கழற்றினேன். முனை ஆடியது. நான் மறைக்கவில்லை, பார்க்கட்டும் என்றே பிடித்துக்கொண்டிருந்தேன்.

வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"ஏங்க?"

"கை நடுங்குதுல்லா!"

"அது மனசுதானே."

"வெளையாடாத மது. லேபுலேர்ந்து வேற பொண்ணை அனுப்பச் சொல்லு."

இரண்டு மாதமாக நான் சொன்னதை நம்பாத மனுஷன், தன் தோலுக்கு ஆபத்து என்றதும் ஒரே நொடியில் நம்பிவிட்டார். சீ என்றிருந்தது. ஊசியைத் தூக்கிப் போட்டுவிட்டு அவர் எதிரிலேயே டாக்டருக்கு போன் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்து, போகியில் தொடங்கி ஒன்று விடாமல் சொன்னேன்.

"ரெண்டு வருஷம் சாப்பிட்டதை ஒரே நாள்ல நிறுத்தினீங்களா?" டாக்டர் கத்தினார். "கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும்மா. வலிப்பே வந்திருக்கும்! யார் சொன்னது உங்களுக்கு?"

"பக்கத்துலதான் இருக்கார் டாக்டர். நைட்டி வியாபாரம்."

டாக்டர் நேராக விஷயத்துக்கு வந்தார். "சாயங்காலம் வாங்க. நாளாகும், ஆனா சரியாகும். அவரையும் கூட்டிட்டு வாங்க."

அடுத்து கதிரேசனைக் கூப்பிட்டேன். "நானே கவுன்ட்டர்ல உக்காந்துக்கறேன் சார். கை நடுக்கம் நின்னதும் என் ஊசியைத் திருப்பிக் கேப்பேன், யாருக்கும் குடுத்துடாதீங்க." சரி என்றார்.

பட்டை இன்னும் இவர் கையிலேயே இருந்தது. குரூப்பில் போட ஒன்றும் கிடைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"மது, இதைக் கொஞ்சம் அவுத்து விடேன். மரத்துப்போகுது."

"நெனைச்சுக்கோங்க. எல்லாம் மனசுதானே, தானா அவுந்துரும்" என்று சொல்லிவிட்டு, எனக்கு மட்டும் காபி போட எழுந்து போனேன்.