மிளகாய்க்குப் பிறகு கேட்க வேண்டிய கேள்வி

1.

இந்தக் கதை இருமலில் பிறந்தது. கொரியாவில் ஒரு விவசாய ஊரில், அடுத்தவர் வீட்டு அடுப்பில் கைப்பிடி வற்றல் மிளகாயைப் போட்டவன் நான்தான். ஆனால் வீட்டார் மூக்கைப் பொத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடிய காட்சியில் நிற்க வெட்கமாக இருப்பதால், எங்கள் ஊரான லூனாஸைச் சேர்ந்த புவனேசன் என்று ஒருவரை அங்கே நிறுத்தியிருக்கிறேன். [தொப்பையும் வழுக்கையும் என்னுடையவை. பெயர் மட்டும் வாடகை.]

2.

முதல் தொடக்கம்: ‘மலைகள் சூழ்ந்த அவ்வூரில் பனி மெல்ல...’

வேண்டாம். அது செப்டம்பர். வேர்த்துக் கொட்டியது.

இரண்டாவது: சாப்பாடும் கலாசாரமும் பார்க்கப் போவதாகத்தான் புவனேசன் எல்லாரிடமும் சொன்னார். உண்மையில் அனுப்பியது அக்காள் பிரேமாவதி. அவள் மகள் காஞ்சனா அங்கே பண்ணை வேலை பழகப் போனவள், பண்ணைக்கார அம்மாவின் மகன் மின்ஜேயைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். லூனாஸில் பின்னறைக்குப் பெயிண்ட் அடித்தாகிவிட்டது.

“கல்யாணத்துக்கு அப்புறம் இங்க வந்து இருப்பாங்களான்னு கேளுடா. இழுக்காம நேரா கேளு.”

“சரிக்கா.”

“அப்படியே ரெண்டு பேருக்கும் சுத்திப் போட்டுட்டு வா.”

இரண்டில் எளிதானதைப் புவனேசன் முதலில் செய்தார்.

3.

சாலையோரமெல்லாம் சிவப்பாய் மிளகாய் காய்ந்தது. ஒரு கை அள்ளி, இருவரையும் கிழக்கே பார்த்து உட்காரவைத்துச் சுற்றினார். கலாசாரம் என்று மின்ஜே வீடியோ எடுத்தான். பிறகு அடுப்பு. பிறகு இருமல்.*

(* கமறாவிட்டால்தான் கண் பட்டிருக்கிறது என்று நம் கணக்கு. அங்கே நாய்கூட இருமியது. இந்த நல்ல செய்தியை எல்லாருக்கும் மொழிபெயர்க்கச் சொன்னபோது காஞ்சனா, “சும்மா இருங்க லா, மாமா” என்றாள்.)

பண்ணைக்கார அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வைக்கோல் கயிறு ஒன்றை எடுத்துவந்து காட்டினார். ஆண்பிள்ளை பிறந்தால் மிளகாயும் கரியும் கோத்து வாசலில் கட்டுவார்களாம், கெட்டது அண்டாமல் இருக்க.

“நம்மள மாதிரியே,” என்றார் புவனேசன்.

“எரிக்க மாட்டாங்க, மாமா. அதான் வித்தியாசம்.”

அந்த அம்மா சிரித்துவிட்டுச் சோயா குழம்பும் சோறும் வைத்தார். கேள்வி தொண்டைவரை வரும்போதெல்லாம் புவனேசன் இன்னொரு கிண்ணம் வாங்கிக்கொண்டார்.

4.

முடிவுகள்:

அ) பஸ் ஸ்டாப்பில் காஞ்சனா அழுகிறாள், “வந்துடுறேன் மாமா” என்கிறாள். (அக்காளுக்குப் பிடிக்கும்.)

ஆ) லூனாஸ் பசாரில் மின்ஜே கிம்ச்சி கடை போடுகிறான். (எனக்குப் பிடிக்கும்.)

இ) புவனேசன் கேட்காமலே விமானம் ஏறுகிறார்.

நடந்தது இதுதான். ஊர் திரும்பியதும் அக்காள் கேட்டாள். “சாப்பாடு நல்லா இருந்துச்சுக்கா,” என்றேன். [என்றார். சரி, என்றேன்.] நேற்று அவள் பின்னறைக்குத் திரைச்சீலை வாங்கியிருக்கிறாள். நீல நிறம், காஞ்சனாவுக்குப் பிடித்தது.

அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. இதுவரை எழுதியதைக் காஞ்சனாவுக்கு அனுப்பி, எந்த முடிவு என்று கேட்டேன். நேராகக் கேட்கத் தெரியாதவனுக்கு இதுவே பெரிய காரியம். உடனே கூப்பிட்டாள்.

“மூணுமே வேணாம், மாமா. நான் அங்க வந்து இருக்க மாட்டேன். இங்கதான் இருப்பேன். அம்மா கேட்டிருந்தா எப்பவோ சொல்லியிருப்பேன். தினம் போன் பண்றாங்க, சாப்டியான்னுதான் கேக்குறாங்க.”