காற்றுப் பையனின் கனம்

சாரத்தின் உச்சிப் பலகையில் அவள் குத்துக்காலிட்டுக் காத்திருந்தாள். இடுப்பையும் தொடைகளையும் இறுக்கிப் பிடித்த பட்டையிலிருந்து ஒரு மெல்லிய கம்பி வடம் மேலே போய், கூரை உத்தரத்துக் கப்பியைச் சுற்றி, கிராபிக்ஸ் பின்னணிக்காகக் கட்டிய பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் இறங்கியது. அதன் மறுநுனியில் ஹீரோவை மாட்டியிருந்தார்கள். வெள்ளி நிற டோப்பா, நீலக் கண் லென்ஸ், வர்ணம் அடித்த ரப்பர் மார்க்கவசம். சாரத்தோடு சேர்த்துக் கட்டிய ஏணியில் அவள் இறங்கினால் அவன் எழும்புவான். அவள் ஏறினால் அவன் இறங்குவான். பெரிய படங்களில் இந்த வேலைக்கு மோட்டார் உண்டு. இந்தப் படத்தின் பணமெல்லாம் அனிமே தொடரின் உரிமையை வாங்குவதிலேயே கரைந்துபோனதால், படப்பிடிப்பு ஒரு பழைய தகரக் கொட்டகையில் நடந்துகொண்டிருந்தது.

"வெயிட்டக்கா, ரெடியா?" என்று கீழேயிருந்து கயிறு மாஸ்டர் கத்தினார்.

"நான் எப்பவோ ரெடி. உங்க கேமராவைக் கேளுங்க."

படப்பிடிப்பில் அவளுக்கு அதுதான் பெயர். அவளும் புருஷனும் மேசை நாற்காலி ஏற்றி இறக்கும் கம்பெனியில் சுமைவேலை பார்த்தவர்கள். கம்பெனியை மூடியபோது, வடம் இழுக்க ஆள் வேண்டுமென்று கயிறு மாஸ்டர் புருஷனைத் தேடி வந்தார். கதவுக்குப் பின்னால் நின்ற இவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உன்னால சாரம் ஏற முடியுமாம்மா?" என்றார்.

"பீரோவைத் தோள்ல வச்சுக்கிட்டே மூணு மாடி ஏறியிருக்கேன்" என்றாள். இருவருக்குமே அங்கே வேலை கிடைத்தது.

சின்ன வயசிலிருந்து அவளுடைய உடம்பைக் கேலி செய்யாதவர்கள் கிடையாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் மூஞ்சியைச் சுளிப்பார்கள். அந்த உடம்புதான் வேண்டும் என்று ஒருவர் வீடு தேடி வந்து கேட்டது அதுதான் முதல் தடவை.

வீட்டில் நாத்தனாருக்கு மட்டும் இந்தப் படமே பிடிக்கவில்லை. செருப்புக் கடையில் வேலை பார்க்கும் அவள், பள்ளிக்கூடத்து நாளிலிருந்து அந்தத் தொடரைப் பார்த்து வளர்ந்தவள். அலமாரிக் கதவின் உள்பக்கம் முழுக்க அதன் நாயகன் காற்றுப் பையனின் படம்தான்.

"ரப்பரையும் டோப்பாவையும் மாட்டிவிட்டா அவன் காற்றுப் பையன் ஆயிடுவானா அண்ணி? நாசம் பண்ணப் போறாங்க."

"நான்தான்டி அவனைத் தூக்குறேன்."

"தூக்கினா போதுமா? அவன் மத்தவங்க மாதிரி குதிக்க மாட்டான். எழுவான். கடைசி வரைக்கும் கட்டைவிரல் மட்டும் தரையைத் தொட்டுக்கிட்டே இருக்கும். பிரிய மனசில்லாம பிரியிற மாதிரி, அப்புறம்தான் விடும். அந்த ஒரு இடத்துக்கே நான் எத்தனை தடவை அழுதிருக்கேன் தெரியுமா? அதை எடுக்கத் தெரியலைன்னா எதுக்கு எடுக்கணும்?"

சொன்னதோடு விடவில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் போனில் அந்த இடத்தைப் போட்டுக் காட்டினாள். அண்ணி கையைக்கூடக் கழுவாமல் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

மறுநாள் படப்பிடிப்பில், ஏணிப் படிகளில் முழுப் பாரத்தையும் கொடுக்காமல், கைகளால் ஏணியைப் பிடித்துத் தன்னைத் தானே தாமதப்படுத்திக்கொண்டு இறங்கினாள். துணிக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியாது. வடத்தின் துடிப்பு மட்டும் இடுப்பில் தெரிந்தது. ஹீரோவின் குதிகால் எழும்பியதும் வடம் கொஞ்சம் விறைத்தது. அங்கேயே நின்றாள். மூச்சை விட்டாள். பிறகு கடைசிப் பாரத்தையும் கொடுத்தாள்.

கொட்டகை அமைதியாகிவிட்டது. ஏதோ தப்பாகிவிட்டது என்று நினைத்தாள். டைரக்டர் மானிட்டரில் அதைப் போட்டுப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். "இதுதான்யா. இதுக்காகத்தான்யா நான் இந்தப் படத்தை எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஹீரோவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். துணியின் ஓரத்தை விலக்கி எட்டிப் பார்த்த அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அன்று வேலை முடிந்ததும், நாலு பேர் பார்க்கட்டும் என்பதுபோல நடுத்தெருவில் நடந்து வீட்டுக்குப் போனாள்.

சண்டைக் காட்சிக்கு வேறு விதம். ஹீரோ ஒரே வீச்சில் மேலே பாய வேண்டுமானால் அவள் ஏணியை விட்டுவிட்டுப் பலகையிலிருந்து குதிக்க வேண்டும். கீழே இரண்டு மெத்தைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். ஒரு நாள் ஹீரோ விழுந்து புரள்கிற காட்சிக்கு மெத்தை போதவில்லை என்று யாரோ வந்து ஒன்றை உருவிக்கொண்டு போனார்கள். அவளிடம் யாரும் சொல்லவில்லை. "ஆக்‌ஷன்" என்ற சத்தம் கேட்டதும் குதித்தாள். வலது முழங்கால் உள்பக்கமாக மடங்கிப் போனது. அந்தப் பக்கம் கைதட்டல் கேட்டது. ஷாட் நன்றாக வந்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் "அம்மா" என்று வாயைத் திறந்தாள்.

புருஷன் அவளை ஆட்டோவில் உட்கார வைத்துவிட்டு மேனேஜரிடம் போனான்.

"கேமரா முன்னாடி வர்றவங்களுக்குத்தாம்பா இன்சூரன்ஸ். அவங்க துணிக்குப் பின்னாடிதானே" என்றார் மேனேஜர்.

"பின்னாடி விழுந்தா எலும்பு உடையாதா சார்?"

"நான் என்னப்பா பண்ணட்டும்? ரூல் அப்படி."

எலும்பு உடையவில்லை, ஜவ்வு கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் செய்தால் நல்லது, முடியாவிட்டால் மூன்று மாதம் அசையாமல் கிடக்க வேண்டும் என்றார் டாக்டர். அசையாமல் கிடந்தாள். கொட்டகையில் அவளுக்குப் பதிலாக மணல் மூட்டையைக் கட்டிப் பார்த்தார்களாம். மூட்டை தொப்பென்று விழ, ஹீரோ கூரையில் போய் முட்டினானாம். "டோப்பா ஒரு பக்கம், ஆளு ஒரு பக்கம்" என்று புருஷன் வந்து சொன்னபோது, வலியோடு வலியாக அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பிறகு படப்பிடிப்பு முடிந்து, அவனுக்கும் வேலை நின்றது. கிடைத்த நாளில் மூட்டை தூக்கினான். வீட்டில் சமையல் சுருங்கியது. அவளுடைய ரவிக்கைகள் ஒவ்வொன்றாகத் தோளிலிருந்து நழுவத் தொடங்கின.

ட்ரெய்லர் வந்த அன்று ஊரே கைகொட்டிச் சிரித்தது. டோப்பாவைப் பார்த்துச் சிரித்தார்கள். படத்தில் வரும் அரக்கனைப் பார்த்து, குளியலறை மிதியடி எழுந்து நடக்கிறது என்று எழுதினார்கள். நாத்தனார் அவள் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்தாள். திடீரென்று நிறுத்தினாள்.

"அண்ணி, இதைக் கேளுங்க. 'எல்லாமே குப்பை. ஆனா அவன் எழுற அந்த ஒரு இடம் மட்டும் அப்படியே இருக்கு. கண்ணுல தண்ணி வந்துடுச்சு.' இதே மாதிரி எத்தனை பேர் எழுதியிருக்காங்க பாருங்க!"

அண்ணி தலையணையில் சாய்ந்தபடி மோவாயை உயர்த்தினாள். "இன்னொண்ணு படி."

"'கிராபிக்ஸ் பண்ணினவன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்.'"

"கிராபிக்ஸா?" அவள் எழுந்து உட்கார்ந்தே விட்டாள். "நான் கிராபிக்ஸாடி?"

நாத்தனார் அங்கேயே பதில் எழுதினாள்: "அது கிராபிக்ஸ் இல்லை, என் அண்ணி." சிரிக்கும் பொம்மைகள் வந்து குவிந்தன. அவள் விடவில்லை. செருப்புக் கடையில் திட்டு வாங்கும்வரை போனில் முன்பின் தெரியாதவர்களோடு மல்லுக்கு நின்றாள்.

அந்த ஒரு இடத்தையாவது பிடித்துக்கொண்டு கரையேறலாம் என்று படக் கம்பெனிக்காரர்கள் நினைத்தார்கள். ஷாப்பிங் மாலின் நடுக்கூடத்தில், ரசிகர்கள் கண்ணெதிரே, காற்றுப் பையன் நிஜமாகவே எழப் போகிறான் என்று அறிவித்தார்கள். கயிறு மாஸ்டர் வீட்டுக்கு வந்தார்.

"அந்த அக்கா இல்லாம தொங்க மாட்டேன்னு ஹீரோ தம்பி ஒத்தைக் கால்ல நிக்குது. பயந்து கிடக்கும்மா."

"இவளால மாடிப்படியே ஏற முடியலை" என்றான் புருஷன். "போக வேண்டாம்."

அவள் கட்டிலிலிருந்து காலைத் தரையில் ஊன்றிப் பார்த்தாள். "கிராபிக்ஸுன்னு சொல்றானுங்க இல்லங்க? அவனுங்க கண்ணு முன்னாடி ஒரே ஒரு தடவை. அதுக்கப்புறம் நீங்க கூப்பிட்டாலும் வர மாட்டேன் மாஸ்டர்."

மாலில் மேடைக்குப் பின்னால் கறுப்புத் திரையும் அதற்குப் பின்னால் சாரமும் இருந்தன. பட்டையை மாட்டிப் பார்த்த கயிறு மாஸ்டர் நெற்றியைச் சுருக்கினார். அவள் பாரம் போதவில்லை. இடுப்பைச் சுற்றி மணல் பைகளைக் கட்டினார். அவளைப் புருஷனும் அவருமாகக் கைகொடுத்து ஏற்றிவிட்டார்கள். திரைக்கு வெளியே கூட்டம் இரைந்தது. அதற்குள் எங்கேயோ நாத்தனார், கடைக்கு லீவு சொல்லிவிட்டு வந்து நிற்கிறாள்.

இசை தொடங்கியது. அவள் இடது காலை ஊன்றி, வலது காலை விறைப்பாக நீட்டியபடி ஒவ்வொரு படியாக இறங்கினாள். இடுப்பில் வடம் துடித்தது. ஹீரோவின் குதிகால் எழும்பியாயிற்று. நின்றாள். வெளியே அத்தனை பெரிய கூட்டமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது அவளுக்குத் திரையைத் தாண்டிக் கேட்டது. விட்டாள்.

எழுந்த ஆரவாரத்தில் சாரமே அதிர்ந்தது. தரையைத் தொட்ட அவள் வலியைப் பொறுத்துக்கொண்டு, ஏணியைப் பிடித்தபடி, முகமெல்லாம் பல்லாக நின்றாள். "கேட்டீங்களா?" என்றாள் புருஷனிடம். அவன் ஏணி அசையாதபடி பிடித்துக்கொண்டு தலையாட்டினான்.

அந்தரத்தில் நின்றபடியே ஹீரோ பேட்டி கொடுத்தான். எப்படி இது சாத்தியமாயிற்று என்று ஒரு பெண் மைக்கில் கேட்டாள். ஹீரோ சற்றுத் தயங்கினான். பிறகு, சொல்லிக் கொடுத்தபடி, "ஆறு மாசப் பயிற்சி. உடம்பைக் காத்து மாதிரி இலேசாக்கிக்கிட்டேன்" என்றான். மறுபடியும் கைதட்டல். கேள்விகள் நீண்டன. அவளுடைய வலது முழங்கால் வீங்கிக்கொண்டிருந்தது. அதை மடக்கவும் முடியவில்லை, ஊன்றவும் முடியவில்லை.

கடைசியில் கூட்டம் ஒரே குரலில், "எறங்கி வா! எறங்கி வா!" என்று அவனைக் கூப்பிட்டது. கயிறு மாஸ்டர் கையை உயர்த்திச் சாடை காட்டினார். அவள் மணல் பைகளை இடுப்பில் சரியாக இழுத்து விட்டுக்கொண்டாள். அவனுடைய கட்டைவிரல் தரையில் பூப்போலப் பட வேண்டும். ஏணியின் முதல் படியில் காலை வைத்து, அவள் ஏறத் தொடங்கினாள்.