ஒரு ஆளே போதும் என்றார்கள்

உப்புத் தண்ணீரில் விழுந்த படகு எஞ்சினை என்ன செய்ய வேண்டும் என்று பழவேற்காட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உடனே நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்க வேண்டும். பிறகு கயிற்றை இழுத்து, ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். பதினைந்து வருடம் கடலுக்குப் போன ஜெகதீஸ்வரனுக்கு இது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். ஏரிக்கு அக்கரையில் ஒரு கல்யாணத்தை எடுத்துவிட்டுத் திரும்பி வந்து படகிலிருந்து இறங்கும்போது அவனுக்குக் கால் வழுக்கியது. தோளில் மாட்டியிருந்த இரண்டு கேமராப் பைகளும் தண்ணீருக்குள் போயின. அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பைகளை அள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். குடிக்க வைத்திருந்த குடத்தைக் கவிழ்த்து, மனைவி செவ்வந்தியின் போட்டோ கேமராவையும் தன்னுடைய வீடியோ கேமராவையும் மூன்று தரம் அலசினான். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தான். அப்புறம் ஒவ்வொன்றாக ஸ்விட்சைப் போட்டுப் பார்த்தான்.

மெமரி கார்டுகள் மட்டும் எப்படியோ பிழைத்தன. சென்னையில் பாரீஸ் பக்கம் கேமரா பழுது பார்க்கும் மூர்த்தி இரண்டு கேமராக்களையும் திறந்து மோந்து பார்த்தார்.

"தண்ணில விழுந்ததுக்குக்கூட ஏதாவது பண்ணலாம்மா. நல்லாக் கழுவி, ஈரத்தோட ஸ்விட்ச் போட்டு வெச்சிருக்கீங்க பாருங்க, அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது."

செவ்வந்திக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். பக்கத்தில் நின்றவனின் முகம் சிரிக்கிற மாதிரி இல்லை. வீட்டுக்கு வந்தும் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்பேன் நான். நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருந்தால் அவனுக்கும் ஆறியிருக்கும். பெரிய மனசு பண்ணுகிறோம் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டாள், அவனோ அதையே பெரிய தண்டனையாக எடுத்துக்கொண்டான்.

பஜாரில் அவளுக்கு ஒரு சின்ன ஸ்டுடியோ. ஒன்பது வருடமாக நடத்துகிறாள். கடைசி நாலு வருடமாக ஜெகதீஸ்வரனும் கூட. போட்டோ அவள், வீடியோ அவன். சுற்று வட்டாரத்தில் எந்தக் குப்பத்தில் விசேஷம் என்றாலும் இந்த ஜோடியைத்தான் கூப்பிடுவார்கள். இப்போது கையில் இருந்த சீட்டுப் பணத்தில் நல்ல கேமரா ஒன்று வாங்கலாம். ஒன்றுதான். போட்டோவுக்கும் வீடியோவுக்கும் சேர்த்து அந்த ஒன்றே உழைக்க வேண்டும்.

மவுண்ட் ரோடு பக்கத்துக் கடையில் ஏசி நன்றாக இருந்தது. விற்பனையாளர் இரண்டு கேமராக்களைக் கண்ணாடி மேசைமேல் எடுத்து வைத்தார்.

"ரெண்டுமே ஹைபிரிட்தான், போட்டோவும் எடுக்கும் வீடியோவும் எடுக்கும். இது போட்டோவுக்கு ராஜா. பேனர் சைஸுக்குப் பெருசு பண்ணினாலும் முடி முடியாத் தெரியும். ஆனா வீடியோ ஒரே மூச்சா அரை மணி நேரம் ஓட்டினா சூடாகி நின்னுடும். இன்னொண்ணு வீடியோவுக்கு. எவ்ளோ நேரம் வேணா ஓடும், கை ஆடினாலும் படம் ஆடாது, வெளிச்சம் கம்மின்னாலும் சமாளிக்கும். போட்டோ சுமாரு, குறை சொல்ற மாதிரி இல்ல."

"போட்டோக்கு எது நல்லதோ அத்தயே குடுங்க," என்றான் ஜெகதீஸ்வரன்.

"அது வாணாம். வீடியோ நடுவுல நின்னா கல்யாணக்காரங்க நம்மள உட்ருவாங்களா?" என்றாள் செவ்வந்தி. "இத்தக் குடுங்க."

"போட்டோக்குத்தாம்மே உன்னக் கூப்பிடறாங்க."

"உன் வீடியோவ பாத்துத்தான் மாமா அழுவுறாங்க."

விற்பனையாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "யாரு கையில இருக்கப் போவுதுன்னு சொல்லுங்க, அத வெச்சி முடிவு பண்ணலாம். யாரு எடுக்கப் போறீங்க?"

செவ்வந்தி அவனைக் காட்டினாள். அதே நேரத்தில் அவன் அவளைக் காட்டினான். கடையில் நின்றிருந்த இன்னொரு அம்மாள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள், அவர்களும் சிரித்துவிட்டார்கள்.

விற்பனையாளரும் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை, நல்லது சொல்வதாகத்தான் நினைத்தார். "எத எடுத்தாலும் ஒரு ஆளே போதும் மேடம். இந்த டயல இப்படித் திருப்பினா போட்டோ, இப்படித் திருப்பினா வீடியோ. இப்பல்லாம் எதுக்கு ரெண்டு பேரு?"

ஜெகதீஸ்வரனின் சிரிப்பு அப்படியே நின்றுபோனதை செவ்வந்தி பார்த்தாள். யோசித்துவிட்டு வருவதாகச் சொல்லி அவனை வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள்.

பொன்னேரி போகும் ரயிலில் அவன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தான். எண்ணூர் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தான்.

"பால்ராஜ் போட்டுல ஒரு ஆளு கம்மியா கீதாம்."

"உன்ன யாரு கேட்டாங்க?"

"யாரும் கேக்கல. நான்தான் போன் பண்ணேன். வர்ற திங்க இல்ல, அதுக்கு அடுத்த திங்கக்கெழமையிலேர்ந்து வர்றேன்னு சொல்லிட்டேன். ஒரு கேமராவுக்கு எதுக்கு ரெண்டு பேரு? நீ அந்தப் போட்டோ கேமராவ வாங்கு. ரெண்டையும் நான்தான் கெடுத்தேன், நாலு காசு நான் வேற வழியில கொண்டாறேன்."

அவன் கடலை விட்ட கதை ஊருக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. வீடியோ பைத்தியம் பிடித்துக் கடலை விட்டான் என்று ஊர் சொன்னது, அவனும் அதையே சொல்லிக்கொண்டான். நாலு வருடத்துக்கு முன்னால் முகத்துவாரத்தில் அலை புரட்டிப்போட்ட படகில் அவனும் திருவேங்கடமும் இருந்தார்கள். காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் ஒரு ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு மிதந்தவன் அவன். திருவேங்கடம் திரும்பி வரவில்லை. அந்தத் திருவேங்கடத்தின் கூடப் பிறந்த தம்பிதான் பால்ராஜ். அண்ணனைத் தின்ற கடலுக்கே பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு போனவன், இன்றைக்கும் போகிறவன். அவன் முகத்தைப் பார்த்து, 'கடல் என்றால் எனக்குப் பயமாக இருக்கிறது' என்று ஜெகதீஸ்வரனால் எப்படிச் சொல்ல முடியும்? அவன் யாரிடமும் சொல்லவில்லை. செவ்வந்தியிடம்கூட இல்லை. காற்று பலமாக அடிக்கிற நாட்களில் அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பதை வைத்து அவளாகத் தெரிந்துகொண்டதுதான்.

"போவாத மாமா," என்றாள்.

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாது," என்று அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் குப்பத்துக் கஸ்தூரியின் மகளுக்குக் காது குத்து. முன்பே ஒத்துக்கொண்ட வேலை. பொன்னேரியில் ஒரு ஹைபிரிட் கேமராவை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து வந்தாள் செவ்வந்தி. ஜெகதீஸ்வரன் கூட வந்தான், ஆனால் கேமராவைத் தொடவே இல்லை. "நீயே ரெண்டும் எடு. எப்படி வருதுன்னு பாப்போம்," என்று பந்தல் கம்பத்தில் சாய்ந்துகொண்டான். தோளில் எதுவும் இல்லாமல் அவனுக்குக் கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. கட்டினான், பிரித்தான், கடைசியில் தாம்பூலத் தட்டு ஒன்றை வாங்கிப் பிடித்துக்கொண்டான்.

மாமன் மடியில் குழந்தையை உட்கார வைத்தார்கள். ஆசாரி கம்பியை எடுத்தார். செவ்வந்தி டயலை வீடியோவில் வைத்தாள். குழந்தை ஆசாரியின் கையை நிமிர்ந்து பார்த்த பார்வை அத்தனை அழகாக இருந்தது. இது போட்டோ ஆச்சே என்று டயலைத் திருப்பினாள், எடுத்தாள். மறுபடி வீடியோவுக்குத் திருப்புவதற்குள் காது குத்தி முடிந்து, குழந்தை ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது.

சாப்பாட்டுக்கு அப்புறம் கஸ்தூரி ஆசையாக வந்து கேமராவின் சின்னத் திரையில் பார்த்தாள். போட்டோவை மெச்சினாள். வீடியோவைப் பார்த்து முடித்துவிட்டு, "குத்தும்போது நான் எங்க கீறேன்?" என்று கேட்டாள்.

செவ்வந்தி வீடியோவை முதலிலிருந்து ஓட்டித் தேடினாள்.

"அதான் அக்கா, பெரியவனுக்குக் குத்தினப்ப நான் முந்தானையால கண்ண மூடிக்கினேனே, அத அண்ணன் எடுத்துக் குடுத்தாரே. இன்னமும் எங்க ஊட்ல அத போட்டு போட்டுச் சிரிப்பாங்க. இவளுக்கும் அதுபோல கேக்கலாம்னு இருந்தேன்." சொல்லிவிட்டு, குறை சொல்லிவிட்டோமோ என்று தோன்றியிருக்க வேண்டும். "பரவால்லக்கா, போட்டோ சூப்பரா கீது," என்று கையைப் பிடித்தாள்.

அப்போதுதான் செவ்வந்திக்கு விளங்கியது. எல்லோரும் குழந்தையைப் பார்க்கும்போது ஜெகதீஸ்வரன் பெற்றவளைப் பார்ப்பான். தாலி கட்டும்போது அவள் மாப்பிள்ளையின் கையைப் பார்த்தால், அவன் பந்தல் மூலையில் நின்று மூக்கைத் துடைக்கிற பெண்ணின் அப்பாவைப் பார்ப்பான். கடலிலிருந்து திரும்பும்போதெல்லாம் கரையில் காத்துக்கொண்டு நிற்கிறவர்களின் முகம் பார்த்துப் பழகியவன் அவன். அதை எந்த டயலைத் திருப்பியும் அவள் எடுக்க முடியாது.

மறுநாள் திங்கட்கிழமை. பால்ராஜிடம் சொன்ன தேதிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. வாடகைக் கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று செவ்வந்தி தனியாகப் பொன்னேரிக்குப் பஸ் ஏறினாள். கொடுத்தாள். அப்படியே சென்னை ரயிலைப் பிடித்தாள். மவுண்ட் ரோடு பக்கம் போகவில்லை, மூர்த்தியிடம் போனாள்.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது ஜெகதீஸ்வரன் பரணிலிருந்து பழைய டார்ச், ரெயின்கோட்டு எல்லாவற்றையும் இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் பாயில் இரண்டு பைகளை வைத்தாள். அவன் திறந்து பார்த்தான். உள்ளே ஒரே மாடல் கேமரா இரண்டு. பழசு. ஒன்றின் மூலையில் பெயின்ட் உரிந்திருந்தது.

"இன்னாம்மே இது? செகண்ட் ஹேண்டா?"

"ஆமா, சீட்டுப் பணத்துலயே ரெண்டும் அடங்கிடிச்சி. அஞ்சு வருசத்துக்கு முன்னாடி வந்த ஹைபிரிட். ரெண்டும் போட்டோ எடுக்கும், ரெண்டும் வீடியோ எடுக்கும். ஒரு பேட்டரி ரெண்டுக்கும் சேரும், ஒரு லென்ஸ் ரெண்டுக்கும் பூட்டலாம். மூர்த்தி சார் தொறந்து காட்டினாரு, உள்ள சுத்தமா கீது."

"புதுசு ஒண்ணு வாங்கியிருந்தா எப்படி இருக்கும். உன் போட்டோ எல்லாம்..." அவன் கேமராவைக் கீழே வைத்தான். "அந்தக் கடைக்காரரு சொன்னத கேட்ட இல்ல? ஒரு ஆளே போதும்னு."

"அவருக்குப் போதும். எனக்குப் போதாது." அவள் அவன் எதிரே உட்கார்ந்தாள். "எனக்கு நீ வேணும் மாமா. நான் பாக்காதத நீ பாக்கற. கஸ்தூரி கேட்டப்ப எனக்கு அழுகையே வந்துடிச்சி. நீ கடலுக்குப் போயிட்டா நான் போட்டோ எடுக்க மாட்டேன், உக்காந்து காத்த பாத்துக்கினே இருப்பேன்."

அவன் ரெயின்கோட்டை மடித்தான். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தான்.

"பால்ராஜுக்கு வாக்கு குடுத்துட்டேன்," என்றான். கொஞ்சம் கழித்து, தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்குப் பயமா கீது செவ்வந்தி," என்றான்.

நாலு வருடத்தில் முதல் முறை. அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியும்."

"அவங்கிட்ட அத எப்படிச் சொல்றது? அவன் அண்ணன் போனான். அவனே போறான்."

"உள்ளத சொல்லு. கோவிச்சிக்கினா கோவிச்சிக்கட்டும்."

அவன் வெகுநேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு போட்டான். காதில் வைத்துக்கொள்ளத் தைரியம் இல்லாதவனாக ஸ்பீக்கரில் போட்டுப் பாயில் வைத்தான்.

"இன்னாண்ணா," என்றது பால்ராஜின் குரல். பின்னால் ஏலம் விடுகிற சத்தம்.

"பால்ராஜ், நான் வரலடா. கேமரா வாங்கிட்டேன், அதுக்காக இல்ல." ஜெகதீஸ்வரன் எச்சில் விழுங்கினான். "எனக்குப் பயமா கீதுடா. திருவேங்கடம் போனதுலேர்ந்து. உன்கிட்ட சொல்ல வெக்கமாவும் கீது."

ஏலச் சத்தம் மெல்லத் தூரமானது, பால்ராஜ் கூட்டத்தை விட்டு நடந்து வெளியே வந்திருக்க வேண்டும்.

"எனக்கும்தாண்ணா," என்றான் பால்ராஜ். "டெய்லியும்."

பாயில் கிடந்த போனைப் பார்த்தபடி ஜெகதீஸ்வரன் தலையை ஆட்டினான், பால்ராஜ் அதைப் பார்ப்பான் என்பது போல.

"எங்க ஊட்லகூட தெரியாது. நீ சொன்னதும் நானும் சொல்லிட்டேன் பாரு," என்றது குரல். "நீ வராத. நான் ஆளு பாத்துக்கறேன். உன் வேல முடிஞ்சா சாயங்காலத்துல கரைக்கு வா. சும்மா பேசிக்கினு இருக்கலாம்."

"இப்பவே வர்றேன்," என்றான் ஜெகதீஸ்வரன்.