கூடத்தில் கிடந்த கார் சீட்டு

எங்கள் வீட்டுக் கூடத்தில், தொலைக்காட்சிக்கு எதிரே, ஒரு கார் சீட்டு கிடந்தது, பெல்ட்டோடு. பந்தயத்துக்காகக் காரின் எடையைக் குறைக்கிறேன் என்று என் கணவன் பெர்தோ மூன்று வருடத்துக்கு முன் கழற்றிப் போட்டது. அது நான் உட்காரும் சீட்டு.

அன்றிலிருந்து நான் பேக்கரி வேலைக்குப் பஸ்ஸில்தான் போனேன். எங்கள் ஊர் குவாயாமாவின் வெயிலில் நிறுத்தத்தில் நிற்பேன். எங்கள் சிவப்புக் கார் உறுமிக்கொண்டு கடந்துபோகும். பெர்தோ கையசைப்பான்.

காரை எந்த மெக்கானிக்கும் தொட விடமாட்டான். ஆயில் மாற்றுவது, கார்புரேட்டரைப் பிரிப்பது எல்லாம் அவனேதான். நான் விளக்குப் பிடிப்பேன். மூன்று வருடம் பிடித்தால் எந்த நட்டு எங்கே இருக்கிறது என்று விளக்குக்கே தெரிந்துவிடும்.

போன வாரம் அவன் அந்தச் சீட்டில் சாய்ந்துகொண்டு சொன்னான்: "மிக்தாலியா, இந்தச் சீட்டைப் பாப்போ விலைக்குக் கேக்குறான். குடுத்துடப் போறேன்."

"என் சீட்டையா?"

"நீ அம்பத்தெட்டு கிலோ, சீட்டு பதினெட்டு. கூட்டிப் பாரு, பொண்ணே."

"டிக்கில இரும்புப் பெட்டி, ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம் ஏத்திக்கிட்டுப் போறியே. அதெல்லாம் பஞ்சா?"

"அது பிடிப்பு. பின் சக்கரம் வழுக்காம இருக்கணும்ல."

நான் எடை, ஜாக்கி பிடிப்பு! அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன்.

"பந்தயம் கட்டலாமா? ஞாயித்துக்கிழமை மொத சுத்துலயே நீ தோத்தா என் சீட்டை மாட்டணும். ஜெயிச்சா வித்துக்கோ."

"நானு? மொத சுத்துல?" சிரித்ததில் அவனுக்குப் புரை ஏறியது.

எங்கள் ஓடுதளத்தில் ஒரு விதி உண்டு. கால் மைலை எத்தனை விநாடியில் ஓடுவோம் என்பதை அவரவர் வெள்ளை ஷூ பாலிஷால் கண்ணாடியில் எழுத வேண்டும். மெதுவான வண்டி முதலில் கிளம்பும்; அந்த வித்தியாச விநாடி கழித்து மற்றது. எழுதியதைவிட வேகமாக ஓடினால் தோல்வி. அதனால் விவரமானவர்கள் கோட்டுக்கு முன் லேசாகப் பிரேக்கைத் தொடுவார்கள். பெர்தோ தொடமாட்டான். "பிரேக்கு பயந்தவனுக்கு" என்பான்.

ஞாயிறு காலை ஒத்திகையில் பதின்மூன்று புள்ளி நாற்பத்திரண்டு வந்தது. கண்ணாடியில் 13.40 என்று எழுதினான். அவனோடு ஓடப்போவது ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரம்மா தோஞா இராய்தா. அவர் வண்டி சர்ச்சுக்குப் போகிற வண்டி, 16.80.

"எங்க ஓட்டத்துக்கு இன்னும் அரைமணி இருக்கு. நாங்க அல்காபூரியா வடை சாப்பிட்டு வர்றோம்" என்றான் பெர்தோவின் பந்தயக் கூட்டாளி பாப்போ.

"போங்க. காரை நான் பாத்துக்கறேன்" என்றேன். நன்றாகவே பார்த்துக்கொண்டேன்.

இரும்புப் பெட்டியும் ஸ்டெப்னியும் ஜாக்கியும் பாப்போவின் லாரிக்கு அடியில் போயின. தூசியடைத்த ஏர் ஃபில்டரைக் கழற்றி, என் கைப்பையில் இருந்த புதியதை மாட்டினேன். பீர் பெட்டியிலிருந்த ஐஸ் முழுவதையும் பையில் கட்டி எஞ்சினுக்குக் காற்றுப் போகும் குழாய்கள்மேல் வைத்தேன். குளிர்ந்த காற்றில் எஞ்சினுக்கு வெறி பிடிக்கும். ஒரு போல்ட்டைத் தளர்த்தி, தீப்பொறி விழும் நேரத்தை வைக்கிற டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு மயிரிழை திருப்பினேன். பின் சக்கரங்களில் கொஞ்சம் காற்றை இறக்கினேன். அவன் கேட்ட பிடிப்பு அதிலேயே கிடைக்கும்.

அவர்கள் வருவதற்குள் ஐஸ் பையை எடுத்துவிட்டு, விரலில் இருந்த கிரீஸைப் பாவாடையில் துடைத்தேன்.

தோஞா இராய்தா முதலில் கிளம்பினார். மூன்று விநாடிக்குமேல் கழித்துப் பெர்தோ பாய்ந்தான். அப்படி ஒரு சத்தம் அந்தக் காரிலிருந்து நான் கேட்டதில்லை. கோட்டுக்குச் சற்று முன் அவரை முந்தினான். ஜன்னல் வழியே முஷ்டி வேறு.

பலகையில் 13.12 என்று வந்தது. பக்கத்தில் சிவப்பு விளக்கு.

தோஞா இராய்தா 16.83. ஜெயித்துவிட்டார்.

"மாப்ளே!" பாப்போ வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "நீ உன்னையே முந்திட்டடா!"

பெர்தோ வந்து பீர் பெட்டியைத் திறந்தான். ஒரு வாய் குடித்தான். சூடு. பெட்டிக்குள் பார்த்தான். போய்க் காரின் மூடியைத் தூக்கினான். குழாய்கள் இன்னும் ஈரமாக இருந்தன. டிக்கியைத் திறந்தான். பிறகு என் பாவாடையைப் பார்த்தான்.

"ஐஸ் எங்க?"

"உருகிடுச்சு."

"எங்க உருகுச்சு?"

நான் ஓடுதளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பதிமூணு பன்னெண்டு" என்றான், பிள்ளைக்குப் பேர் வைக்கிறவன் மாதிரி. கோபப்படத்தான் முயன்றான், முகம் ஒத்துழைக்கவில்லை. "டிஸ்ட்ரிபியூட்டரையும் தொட்டியா?"

"ஒரு மயிரிழை."

பாப்போவுக்குக் கேட்காதபடி கிட்டே வந்தான். "இன்னும் ஒரு மயிரிழை திருப்பலாமா?"

"மொதல்ல சீட்டு."

திங்கட்கிழமை காலை எங்கள் கார் உறுமிக்கொண்டு பஸ் நிறுத்தத்தைக் கடந்தது. என் சீட்டில் உட்கார்ந்து நான் கையசைத்தேன்.