சொட்டுநீலம் கலந்த சுண்ணாம்பு

1

இந்தக் கதை என் சரக்கு அல்ல, அண்ணியிடமிருந்து சுட்டது. கன்னியர் மடத்தைப் பற்றிய கதை பாவசங்கீர்த்தனத்தோடு தொடங்குவதுதானே முறை?

அண்ணி பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் இன்ஜினியர். அந்த மடத்தின் தோட்டத்தில் அடுக்குமாடி வரப்போகிறது. கோயில் நிற்கும். பின்கட்டில் கீழே துவைக்கும் அறை, மேலே வயதான சிஸ்டர்கள் ஆறு பேரின் அறைகள். அங்கே காப்பாற்றத் தகுந்த பழசு ஏதாவது இருக்கிறது என்று அண்ணி காட்டினால்தான் மரபுக் குழு பின்கட்டை இடிக்காமல் விட்டுவைக்கும். இல்லையென்றால் ஆறு பேரும் மூட்டை கட்டி ஆளுக்கொரு ஊர் போகவேண்டியதுதான்.

"அந்தி வெயில் மடத்துச் சுவர்களைத் தழுவ" என்று தொடங்கிப் பார்த்தேன். [அண்ணி போனதே காலை ஒன்பது மணிக்கு. அடித்துவிட்டேன்.]

2

துணிக்கொடிகளுக்குப் பின்னால் இருந்தது அந்தச் சுவர். ஒரு காலத்தில் வேலை நேரத்தில் அங்கே பேசக் கூடாது. பூட்டு வாய்க்குத்தானே? துணியில் எண் போடும் பென்சிலால் சுவரில் பேசியிருக்கிறார்கள். 'சூப்பில் உப்பே இல்லை.' 'முதுகுவலி தேவலையா?' 'பதினொன்றாம் எண் போர்வைக்காரி குறட்டையில் ஜன்னல் அதிர்கிறது.' ஆள் உயரத்துக்கு இதே அரட்டை. (கோயில் பீடம்கூடப் பிற்பாடு மாற்றியதுதான். மடத்தில் அசல் பழசு இந்தக் கிறுக்கல் மட்டுமே.)

தரையோரம், குனிந்தால்தான் தெரியும் இடத்தில், இன்னொரு வரி.

[இங்கே அந்த வரி இருந்தது. கீழே, வேறு கையெழுத்தில், அதற்குப் பதிலும்.]

அண்ணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டு மடத்துத் தலைவியிடம் ஓடினார்.

"மதர், இந்த ஒரு சுவர் போதும். கண்ணாடி போட்டு வெச்சிடலாம், ஜனங்க வந்து பார்ப்பாங்க. மாடியை ஒருத்தரும் தொட முடியாது!"

அன்று மதியச் சாப்பாட்டில் மதர் எல்லோருக்கும் சொன்னார். சிஸ்டர்கள் கைதட்டினார்கள். ஒருவரைத் தவிர.

3

அந்த ஒருவருக்கு மடத்தில் பெயர் சொட்டுநீலம். வயது எண்பத்தொன்று. ஆயுள் முழுக்கத் துணி வெளுத்ததில் நகக்கண்ணில் நீலம் தங்கிவிட்டது. மாடியில் இருக்கும் ஆறு பேரில் அவரும் ஒருவர்.

குழு வரும் நாள் காலை அண்ணி துவைக்கும் அறையைத் திறந்தார். சுவர் முழுக்க வெள்ளை. வெள்ளைக்குள் லேசாக நீலம். சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து சொட்டுநீலம் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தார்.

அண்ணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிற்பாடு என்னிடம் சொன்னார்: "கண்ணெதிர்ல கட்டடம் சரிஞ்சு பார்த்திருக்கேன், தம்பி. அப்பக்கூட எனக்கு வாய் அடைச்சதில்ல."

என் முதல் பிரதியில் சொட்டுநீலத்துக்கு மறதி நோய். "விருந்தாளி வந்தா வெள்ளையடிக்கணும்ல?" என்று குழந்தை மாதிரி சிரிப்பார். நீங்கள் உச்சுக்கொட்டுவீர்கள், என் வேலை முடிந்தது. அண்ணி படித்துவிட்டுத் தாள்களை மேஜையில் எறிந்தார்.

"உங்க வசதிக்கு அவங்களை மறதிக்காரி ஆக்குவீங்களா? என்னைவிடத் தெளிவா இருந்தாங்க. நடந்ததை எழுதுங்க."

4

நடந்தது:

"சிஸ்டர், உங்க ரூமைக் காப்பாத்துற சுவரு இது!"

"தெரியும்மா."

இரண்டாவது அதிர்ச்சி இது. 

"தெரிஞ்சா செஞ்சீங்க?"

"கீழ ஒரு வரி இருந்துச்சே, அது நான் எழுதினது. பத்தொன்பது வயசுல. யாருக்கு எழுதினேனோ அவ படிச்சிட்டா, பதிலும் போட்டுட்டா. இப்போ பின்னால கல்லறையில படுத்திருக்கா. ஊரே கண்ணாடி வழியா படிக்கட்டுமான்னு அவகிட்ட எப்படிம்மா கேக்கறது?"

"மத்த அஞ்சு பேரு? அவங்க எங்க போவாங்க?"

சொட்டுநீலம் பிரஷ்ஷை உதறி ஓரமாக வைத்தார். "அவங்களையும் நான் கேக்கல. அது என் பாவம்தான்."

5

அண்ணியின் போனில் படம் பத்திரமாக இருக்கிறது. குழுவிடம் காட்டினால் சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்துவிடலாம். ஆறு அறைகளும் நிற்கும், அந்த வரியும் கண்ணாடிக்குள் போகும். காட்டாவிட்டால், மதரின் வாய்ச்சொல்லை மட்டும் குழு ஏற்காது. ஆறு மூட்டை.

பிறகு அண்ணி என்ன செய்தார் என்று எனக்குத் தெரியும். இரண்டு முடிவுகளையும் எழுதினேன். நிஜமாக நடந்ததைப் படித்தபோது எனக்கே நிம்மதி வந்துவிட்டது. அந்த நிம்மதி எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டையும் கிழித்துவிட்டேன்.

இரண்டாம் பகுதியில் அந்த வரிக்கு நானே வெள்ளையடித்ததைக் கவனித்திருப்பீர்கள். எனக்கென்ன, எளிது. மாடியில் என் கட்டில் இல்லை.

நடையில் செருப்புச் சத்தம். மதரின் குரல், பின்னால் குழுவினர் நாலைந்து பேர். அண்ணியின் போனை உங்களிடம் தருகிறேன். படம் திறந்தே இருக்கிறது. கதவு திறக்கிறது. சொட்டுநீலம் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நிற்கிறார்.

"வாங்க, வாங்க. சுவத்துல சாஞ்சிடாதீங்க, இன்னும் ஈரமா இருக்கு" என்கிறார். சொல்லிவிட்டு உங்களைப் பார்க்கிறார்.