அடைக்கச் சொன்னவர்

சாலையை ஆறு வழியாக்கப் போகிறோம் என்று பலகை நட்டபோது தெருவில் எல்லாருக்கும் சந்தோஷம்தான். தையல்காரிக்கும் சந்தோஷம்தான். மழை வந்தால் அவள் கடைவாசலில் குளம் கட்டும். இனி அது இருக்காது என்று நினைத்தாள். வரைபடத்தை நெடுஞ்சாலை அலுவலகச் சுவரில் ஒட்டுகிற வரைக்கும் அந்த நினைப்பு இருந்தது.

சாலையின் நடுத்தடுப்பில் அவள் தெருவுக்கு நேரே ஓர் இடைவெளி உண்டு. வரைபடத்தில் அது இல்லை. அந்த இடத்தில் சின்ன எழுத்தில், "பொதுமக்கள் கோரிக்கையின்படி மூடப்படுகிறது" என்று போட்டிருந்தது.

ஓர் இடைவெளிக்காக இவ்வளவு கவலையா என்று நீங்கள் கேட்கலாம். அவள் கணவர் முப்பத்தோரு வருஷம் பேருந்து ஓட்டியவர். சர்க்கரை நோய் அவருடைய வலது காலையும் எடுத்தது, சிறுநீரகத்தையும் கெடுத்தது. வாரத்தில் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். ஆஸ்பத்திரி எதிர்ப்பக்கம்தான், வாசலில் நின்றால் அதன் பெயர்ப்பலகையைப் படிக்கலாம். அந்த இடைவெளி வழியாகச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனால் ஏழு நிமிஷம். அதை அடைத்துவிட்டால் அடுத்த திருப்பம் வரைக்கும் லாரிகளோடு லாரியாக ஒன்றரை கிலோமீட்டர் போக வேண்டும். நடைமேம்பாலம் ஒன்று இருக்கிறது. அதற்கு நாற்பத்தெட்டுப் படி.

"எந்த மகராசன் அடைக்கச் சொல்லி எழுதினானோ, அவன் வீட்டு வாசக்கதவ மொதல்ல அடைக்கணும்" என்றார் ஓட்டுநர்.

"யாருன்னு கேட்டுட்டு வரேன். நேர்ல போய்ப் பேசினா வாபஸ் வாங்குவாங்க" என்றாள் அவள்.

அப்படித்தான் அந்தக் கடிதத்தைப் பார்க்கப் புறப்பட்டாள். அரசாங்கக் கடிதங்களைப் பார்க்கப் பொதுமக்களுக்கு உரிமை உண்டு என்று அதே சுவரில் இன்னொரு தாள் ஒட்டியிருந்தார்கள்.

கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், கண்ணுகளா. அவள் அலைந்ததில் கால்வாசிதான் சொல்கிறேன். முதல் விண்ணப்பத்துக்கு, அந்தக் கோப்பு தங்கள் பிரிவில் இல்லை என்று பதில் வந்தது. எந்தப் பிரிவில் இருக்கிறது என்று கேட்க இன்னொரு விண்ணப்பம். அந்தப் பிரிவு, கோப்பு மேலிடத்தின் பார்வையில் இருப்பதாகச் சொன்னது. மேலிடம், கோப்பு கீழே இறங்கிவிட்டதாகச் சொன்னது. மூன்றாவது மாதம் ஒரு கட்டுத் தாள் தபாலில் வந்தது. ஆசையாகப் பிரித்தாள். அறுபத்தொரு தாளும், அவள் கேட்டதைப் பற்றி அவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட கடிதங்கள்.

ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எழுத்தருக்கு ஓட்டுநர் 'ரெட் சிக்னல்' என்று பெயர் வைத்துவிட்டார்.

"இன்னிக்கு ரெட் சிக்னல் என்ன சொல்றார்?"

"வியாழக்கிழமை வரச் சொல்றார்."

"எந்த வியாழக்கிழமைன்னு கேட்டியா?"

கேட்டிருக்க வேண்டும். அவள் போன வியாழக்கிழமை எழுத்தர் விடுப்பில் இருந்தார்.

நாலாவது மாதக் கடைசியில் கோப்பு கிடைத்தது. வெளியே கொண்டுபோகக் கூடாது, எழுத்தர் எதிரே உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்க்கலாம் என்றார்கள். அன்று வெள்ளிக்கிழமை. பெயரும் முகவரியும் வருகிற இடமெல்லாம் கறுப்பு மை பூசியிருந்தது.

"நான்தாம்மா பூசினேன்" என்றார் எழுத்தர். "மூணு நாள் ஆச்சு. கை வலி."

அவள் பின்னாலிருந்து முன்னால் படித்துக்கொண்டு போனாள். தலைமைப் பொறியாளர் ஒப்பந்தக்காரருக்கு எழுதியது: பொதுமக்கள் கோரிக்கையின்படி மூடவும். அதற்கு முந்தினது, உதவிப் பொறியாளர் எழுதியது: தெருவாசிகள் இடைவெளியை மூடக் கோருகின்றனர். அதற்கும் முந்தினது ஒரே ஒரு தாள், கையால் எழுதியது.

'இந்த இடைவெளியில் விடிய விடிய லாரிகள் திரும்புகின்றன. சத்தத்தில் நோயாளியால் தூங்க முடியவில்லை. லாரிகள் திரும்பாதபடி அடைத்துத் தர வேண்டுகிறேன்.'

கீழே கறுப்பு மை. ஆனால் தாளின் மேல் ஓரத்தில், கோடு போட்ட கட்டங்களுக்குமேல், தோள், கை, மார்பு, இடுப்பு என்று மங்கலாகத் தெரிந்தது. அவளுடைய அளவு நோட்டுத் தாள். கால் எடுத்த புதிதில் அவர் வலியிலும் சத்தத்திலும் கண் மூடாமல் கிடந்த நாட்களில், வேறு தாள் கிடைக்காமல் அவளே அதில் கிழித்து எழுதிப் போட்டது. பதிலே வரவில்லை. அவளும் மறந்துபோனாள்.

"தம்பி, இது என் கடுதாசி."

எழுத்தர் நிமிர்ந்தார். "அப்படிச் சொல்லக் கூடாதும்மா. எழுதினவங்க பேர மறைச்சிருக்கோம்."

"மறைச்சது என் பேரத்தான்."

"அது உங்க பேரா இல்லையான்னு நான் சொல்ல முடியாது. எழுதினவங்களுக்கு அதனால தொந்தரவு வரலாம்."

"எழுதினவ நான்தானே. எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல."

"அத எழுதினவங்கதாம்மா வந்து சொல்லணும்."

அவள் தாளைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினாள். "இத பாருங்க. எந்த ஊர்ல ரோடு போடறதுக்கு இடுப்பளவு எடுக்கறாங்க?"

எழுத்தர் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது, இருமிச் சமாளித்தார். பிறகு குரலைத் தணித்தார். "சரி, நீங்க எழுதினதுன்னே வச்சுக்குவோம். அப்ப உங்க கோரிக்கை நிறைவேறிடுச்சே. அப்படித்தான் கோப்ப முடிச்சிருக்காங்க."

"நான் லாரிய நிறுத்தச் சொன்னேன். இங்க பாருங்க, என் கடுதாசியில ரெண்டு எடத்துல லாரி இருக்கு. அடுத்த தாள்ல லாரியே இல்ல. நான் ஒருத்தி எழுதினேன், அதுக்கடுத்த தாள்ல பொதுமக்களாயிட்டேன்."

"சுருக்கி எழுதியிருக்காங்க."

அவளுக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

"திங்கக்கிழமை சிமெண்ட் கட்டைங்கள எறக்க ஆள் வராங்க" என்றார் எழுத்தர். "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் ஆபீஸ் உண்டு. புதுசா ஒரு கோரிக்கை குடுங்க. பழச எடுத்து நீட்டினா யாரும் தொறக்க மாட்டாங்க."

வீட்டில் ஓட்டுநர் ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். இப்போது அவர் செய்கிற வேலை அது.

"யாருன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"யாரு அந்த மகராசன்?"

"மகராசன் இல்லீங்க. நான்தான்."

முழுவதையும் சொன்னாள். அவர் ஊசியைத் துணியில் குத்திவிட்டு நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் முகத்தைப் பார்த்துக் கோபப்பட அவருக்கு வராது. அதனால் சுவரிடம் கோபப்பட்டார். நாலு மாதமாக அவர் திட்டிய திட்டெல்லாம் தன் மேல் விழுந்ததில் அவளுக்கு வருத்தமில்லை. எழுதின கை தன்னுடையதாகப் போயிற்றே என்பதுதான் நெஞ்சை அறுத்தது.

"லாரி நின்னுச்சா, அன்னிக்கு?" என்றார் சுவரைப் பார்த்தபடியே.

"இல்லீங்க."

"அதானே." நாற்காலி திரும்பியது. "பேப்பர் எடு. நோட்டுல கிழிக்காத, நல்ல பேப்பரா எடு."

அவள் எழுதினாள்: இடைவெளியை மூட வேண்டாம்.

"அப்ப லாரியும் திரும்பும். இன்னொருத்தி உக்காந்து அடைக்கச் சொல்லி எழுதுவா. அத அடிச்சுடு."

நோயாளிகள் சாலையைக் கடக்க வசதி வேண்டும் என்று எழுதினாள்.

"வசதியா? மேம்பாலம் இருக்கேம்பாங்க."

மேம்பாலம் எங்களுக்குப் பயன்படாது என்று எழுதினாள்.

"ஐயோ, வேணாம்மா. அதையும் இடிச்சுட்டு, தெருவாசிகள் கோரிக்கைன்னு போட்டுருவாங்க."

இருவரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு நின்றதும் பயமாக இருந்தது. எந்த வார்த்தையைப் போட்டாலும் அது அந்த அலுவலகத்துக்குள் போய் என்னவாகத் திரும்பி வருமோ?

நாலு தாள் வீணான பிறகு, அவள் எழுந்து அளவு நாடாவை எடுத்து நாற்காலியை அளந்தாள். சக்கரத்துக்குச் சக்கரம் இருபத்தாறு அங்குலம்.

"கைய வச்சுத் தள்ளுங்க." அவர் தள்ளினார். "பக்கத்துக்கு மூணு விடணும், இல்லேன்னா வெரல் முட்டி தேயும். முப்பத்திரண்டு."

"முப்பத்தாறு போடு. கட்ட வைக்கறவன் கைய நம்பாத."

"லாரி நுழையாதே?"

"காரே நுழையாது. பைக் நுழையும்."

"அத எழுதணுமா?"

"கேக்கட்டும், அப்பறம் பாத்துக்கலாம்."

நடுத்தடுப்பில் இந்தத் தெருவுக்கு நேராகத் தரைமட்டத்தில் முப்பத்தாறு அங்குலம் திறந்திருக்க வேண்டும், ஓர் அங்குலமும் கூட வேண்டாம், குறையவும் வேண்டாம் என்று எழுதி, ஒரு படமும் போட்டாள். சட்டைக்கு வரைகிற மாதிரியே அளவுகளை அம்புக்குறி போட்டுக் காட்டினாள். அடியில், 'என் பெயரை யாரிடமும் மறைக்க வேண்டாம்' என்று சேர்த்துக் கையெழுத்திட்டாள்.

சனிக்கிழமை எழுத்தர் முத்திரை குத்தி நகலைக் கொடுத்தார். முப்பது நாளுக்குள் பதில் வரும் என்றார்.

திங்கட்கிழமை காலை சிமெண்ட் கட்டை ஏற்றிய வண்டி வந்துவிட்டது. ஓட்டுநருக்கு அன்று ஆஸ்பத்திரி நாள். மேஸ்திரி நகலை வாங்கிப் படித்தார், படத்தையும் பார்த்தார்.

"அளவெல்லாம் சுத்தமா இருக்கு. ஆனா இது எனக்கு வந்த கடுதாசி இல்லையேம்மா. ஆபீஸ்லேர்ந்து ஒரு வரி வந்தாப் போதும், விட்டுட்டு வைக்கறேன்." நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தார். "அந்தக் கோடியிலேர்ந்து ஆரம்பிக்கறேன். இங்க வந்து சேரச் சாயந்தரம் நாலு மணி ஆகும். அதுக்கு மேல என்னால முடியாது."

அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு இடைவெளியைக் கடந்தாள். அவரை ஆஸ்பத்திரிப் படுக்கையில் ஏற்றி, கையில் ஊசி குத்துகிற வரைக்கும் கூட இருந்துவிட்டு, நேரே அலுவலகத்துக்கு ஓடினாள். ஜன்னல் திறந்திருந்தது. அவளுக்கு முன்னால் பதினொரு பேர் நின்றிருந்தார்கள்.