நாற்பதுக்குக் கீழே

உள்ளே வரும்போதே அண்ணன் முகம் செத்துப்போயிருந்தது. கையிலிருந்த சின்னக் குப்பியைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டுத் தொப்பென்று உட்கார்ந்தான்.

"எல்லாம் போச்சு. கிடங்குல இன்னிக்கு நம்ம பீப்பாயில கொஞ்சம் எடுத்து அளந்து பாத்தாங்க. ஆல்கஹால் நாப்பது சதவீதத்துக்குக் கீழ இறங்கிடுச்சு. இனிமே அதை விஸ்கின்னு விக்கவே கூடாதாம், சட்டம்."

அவள் அடுப்பை அணைத்தாள். பீப்பாயில் கிடக்கும் சரக்கு ஆவியாகி ஆவியாகிப் பலம் குறையும் என்பது விஸ்கி ஆலையில் தரை கூட்டினவனுக்குக்கூடத் தெரியும். இவனுக்குத் தெரியாதா? பேராசை கண்ணை மறைத்தது, வேறென்ன!

ஆலையை மூடியபோது அங்கே வேலை பார்த்த அவள் கணவருக்கும் அண்ணனுக்கும் சேர்த்துக் கொடுத்த பீப்பாய் அது. கணவர் கடைசியாக வடித்த சரக்கு. முளைகட்டிய பார்லியில் வடிக்கும் உசத்தி மால்ட் இல்லை, கோதுமையில் வடித்த சிங்கிள் கிரெய்ன் ஸ்காட்ச். மற்ற விஸ்கியோடு கலக்கத்தான் லாயக்கு என்று முதலாளிகளே மூக்கைச் சுளித்த சரக்கு. ஆலை மூடி, இனி அந்தச் சரக்கே வராது என்றான பிறகு அதற்கு வந்தது பாருங்கள் ஒரு மவுசு, அண்ணனுக்குக் கால் தரையில் பாவவில்லை. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் பீப்பாயைத் திறக்கலாம். விலை இன்னும் ஏறட்டும் என்று அவன் போடவே இல்லை.

தொண்டையில் புற்று என்று ஆபரேஷனுக்கு நாள் குறித்ததும், கணவர் வெட்கத்தை விட்டு அவனிடம் போய்க் கேட்டார். "ஒரே ஒரு வாய், மச்சான். அப்புறம் என்னால முடியாது."

"இப்ப திறந்தா ரேட் போயிடும் மாப்ள. நல்லபடியா முடிச்சுட்டு வாங்க, பாத்துக்கலாம்."

முடித்துவிட்டு வந்தார். குரல் போயிற்று. கழுத்து ஓட்டை வழியாக மூச்சு, வயிற்றுக் குழாய் வழியாகச் சாப்பாடு. ருசியும் இல்லை, வாசனையும் இல்லை.

அண்ணன் குப்பியின் மூடியைத் திருகினான். "இதை வெச்சு இனி என்ன பண்றது? மாப்ள ஆசைப்பட்டாரே, அவருக்கு ஊத்திக் குடு."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "விலை போகாதுன்னு தெரிஞ்சதும் அவர் ஞாபகம் வந்துடுச்சா? எப்படிண்ணா குடிப்பாரு? சொல்லு!"

சத்தம் கேட்டு வந்து நின்ற கணவர் மேசையைத் தட்டினார். தானே டம்ளரில் ஊற்றி மூக்கருகே கொண்டுபோனார். ஒன்றும் ஏறவில்லை. அவளிடம் நீட்டினார். குடித்துப் பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.

கெட்டுப்போச்சு என்று சொல்லிவிடலாம் என்றுதான் வாங்கினாள். இழந்தது ஒன்றுமில்லை என்று அவருக்கும் ஆறுதலாக இருக்கும். நாக்கில் பட்டதும் மனசு கேட்கவில்லை. அவர் கைவேலையை எந்த வாயால் மட்டம் தட்டுவது?

"நல்லாயிருக்குங்க. ரொம்ப நல்லாயிருக்கு." ஆத்திரத்தில் அழுகை வந்தது.

"அப்படியா?" அண்ணன் நிமிர்ந்து கையை நீட்டினான். "எனக்கும் கொஞ்சம் ஊத்து."

கணவர் குப்பியை எடுத்து மூடியை இறுகத் திருகினார். மச்சானுக்கு வாசலைக் காட்டினார்.